புல்வெட்டி மெஷின் மக்கர் செய்கிறதா? டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைகாசிக் கடைசியில் எங்கள் மன்னார்குடிப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் ஒரே சத்தம்தான். ஜூன் 12-ஐ மனதில் வைத்து, மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் வரப்பையும் வாய்க்கால் கரையையும் சுத்தம் செய்துவிட வேண்டும் என்று எல்லோரும் புல்வெட்டி மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கியிருப்பார்கள். அதே வாரத்தில் மெக்கானிக் கடை வாசலிலும் வரிசையாக மெஷின்கள் கிடக்கும். பக்கத்து வயல்காரர்களுக்குப் பார்த்துக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்: அப்படிக் கிடப்பதில் பெரும்பாலானவை உடைந்த மெஷின்கள் இல்லை. மாதக்கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோல், அடைத்துப்போன ஃபில்டர், அளவு தப்பிய ஆயில், இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். அதனால் இவை தொடர்பான கேள்விகளையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

என்னுடையது டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? எப்படித் தெரிந்துகொள்வது?

எஞ்சினில் பெட்ரோல் மூடியைத் தவிர ஆயிலுக்கென்று தனி மூடி இருந்தால் ஃபோர் ஸ்ட்ரோக். ஒரே மூடிதான் என்றால் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். இரவல் வாங்கிய மெஷின் என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் கொஞ்ச நேரத்திலேயே பிஸ்டன் சூடேறி சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். அது ஆயிரக்கணக்கில் செலவு வைக்கிற வேலை.

ஐப்பசி மழைக்கு முன் நன்றாக ஓடியது. தை அறுவடை முடிந்து எடுத்தால் ஸ்டார்ட் ஆகவே மாட்டேன் என்கிறது. ஏன்?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். நம் பகுதியில் இந்த மெஷினுக்கு வருடத்தில் இரண்டு நீண்ட தூக்கம் உண்டு. அதிலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மூன்று மாதம் ஈரக்காற்றிலேயே கிடக்கிறது. டேங்கில் மிச்சம் இருந்த பெட்ரோலில் எளிதாக ஆவியாகும் பகுதி போய்விடும். மீதி பிசுபிசுப்பாகி கார்பரேட்டரின் மெல்லிய துளைகளில் படியும்.

முதல் வேலையாக டேங்கைக் கவிழ்த்துப் பழைய பெட்ரோலைக் காலி செய்யுங்கள். மோந்து பார்த்தாலே தெரியும்: புது பெட்ரோலின் காரம் இல்லாமல் பெயின்ட் வார்னிஷ் போல ஒரு வாடை வரும். அதை வாய்க்காலிலோ வயலிலோ ஊற்ற வேண்டாம். ஒரு டப்பாவில் வைத்திருந்து வொர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம். அப்புறம் புது பெட்ரோல் ஊற்றி, கார்பரேட்டருக்கு அடியில் இருக்கும் ரப்பர் குமிழை ஏழெட்டு முறை அமுக்குங்கள். குமிழில் பெட்ரோல் ஏறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஏறவில்லை என்றால் டியூப் வெடித்திருக்கிறது, அல்லது டேங்குக்குள் இருக்கும் ஃபில்டர் அடைத்திருக்கிறது. வளைந்த கம்பியை மூடி வழியாக விட்டால் டியூப் நுனியில் இருக்கும் ஃபில்டரை வெளியே இழுத்துவிடலாம். மாற்றுவது ஐந்து நிமிட வேலை.

இதெல்லாம் சரியாக இருந்தால் சோக்கை (கார்பரேட்டருக்குப் போகும் காற்றை அடைக்கும் மூடி) மூடிவைத்து ஸ்டார்ட்டர் கயிற்றை இழுங்கள். மூன்று நான்கு இழுப்பில் எஞ்சின் ஒருமுறை 'டப்' என்று இருமும். இருமியதும் சோக்கைத் திறந்துவிட வேண்டும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். அந்த இருமலைக் கவனிக்காமல் சோக் மூடியபடியே இருபது முப்பது தடவை இழுப்பார்கள். உள்ளே பெட்ரோல் நிறைந்து பிளக் நனைந்துபோகும். அதற்குப் பிறகு எவ்வளவு இழுத்தாலும் கைவலிதான் மிச்சம்.

பிளக் நனைந்திருந்தால் என்ன செய்வது? காய்ந்திருந்தால்?

நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, நெருப்புப் பொறி வரவில்லை. அல்லது பெட்ரோல் அளவுக்கு மேல் போய்விட்டது. பிளக்கைக் கழற்றி, சுவிட்சை அணைத்து, சோக்கைத் திறந்துவிட்டு, பிளக் துளை தரையைப் பார்க்கும்படி மெஷினைச் சாய்த்து ஏழெட்டு முறை கயிற்றை இழுங்கள். உள்ளே நின்ற பெட்ரோல் வெளியே வந்துவிடும். பிளக்கைத் துடைத்துக் காயவைத்து மாட்டினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும்.

காய்ந்திருந்தால் பெட்ரோலே சிலிண்டருக்கு வரவில்லை. குமிழ், டியூப், ஃபில்டர், கார்பரேட்டர் என்று வரிசையாகப் பாருங்கள்.

பொறி வருகிறதா என்று பார்க்க, பிளக்கைக் கேப்பில் மாட்டி அதன் இரும்புப் பகுதியை எஞ்சின் உலோகத்தில் தொடவைத்துக் கயிற்றை இழுப்பார்கள். செய்யலாம். ஆனால் சிந்திய பெட்ரோலை முதலில் துடைத்துவிடுங்கள். பிளக் துளையிலிருந்து தள்ளி, எஞ்சினின் வேறு பக்கத்தில் பிடியுங்கள். துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவியில் அந்தப் பொறியே தீப்பிடிக்கவைக்கும். நீலநிறப் பொறி 'டிக்' என்று விழுந்தால் நல்லது. விழாவிட்டால் புது பிளக் போட்டுப் பாருங்கள். பிளக் முனையில் பொறி விழும் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. வரை இருக்க வேண்டும். புது பிளக்கிலும் பொறி இல்லை என்றால், பொறிக்கு மின்சாரம் தரும் காயிலோ சுவிட்ச் ஒயரோ கெட்டிருக்கும். சுவிட்ச் ஒயர் தோல் உரிந்து பைப்பில் தொட்டுக்கொண்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்கிறார்களே?

ஓரளவுக்கு உண்மைதான். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் பெட்ரோல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கி, இப்போது பெரும்பாலான இடங்களில் அதுதான் கிடைக்கிறது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். அடைமழைக் காலத்தில் பாதி காலியான டேங்கில் அது நடந்துகொண்டே இருக்கும். ஈரம் ஒரு அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். ஃபில்டர் கிடப்பதும் அதே அடியில்தானே! டூ ஸ்ட்ரோக்கில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆயில் மேலே நிற்கும் பெட்ரோலோடு போய்விடுவதால், அடியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் திரவத்தில் ஆயில் இருக்காது.

எத்தனாலுக்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் டியூப், டயஃப்ரம் (கார்பரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு) போன்றவையும் அதில் ஊறி உப்பும், பிறகு விறைக்கும். மெஷினோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். இதுபோன்ற சின்ன எஞ்சின்கள் பலவற்றுக்கு 10 சதவீதம் வரைதான் சம்மதம் என்று போட்டிருக்கும். நம்மால் முடிந்தது இதுதான்: பத்துப் பதினைந்து நாள் வேலைக்குத் தேவையான அளவு மட்டும் வாங்குவது, வாங்கியதை ஒரு மாதத்துக்குள் தீர்ப்பது, வேலை முடிந்த அன்றே டேங்கைக் காலி செய்வது. தண்ணீர் பாட்டிலில் வாங்கி வெயிலில் வரப்பில் வைக்காதீர்கள். இறுக்கமான மூடியுள்ள கேனே நல்லது.

ஒரு லிட்டருக்கு எவ்வளவு ஆயில்? ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள்.

எல்லோர் கணக்கும் அவரவர் மெஷினுக்குச் சரிதான். உங்கள் மெஷினின் டேங்க் மூடியிலோ புத்தகத்திலோ போட்டிருப்பதுதான் உங்களுக்குக் கணக்கு. 25:1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி. 40:1 என்றால் 25 மில்லி. 50:1 என்றால் 20 மில்லி. பாட்டில் மூடியால் கண்ணளவாக ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மெடிக்கலில் கிடைக்கும் ஊசி இல்லாத பெரிய சிரிஞ்ச் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொண்டால் போதும். டேங்கில் நேரடியாகக் கலக்காமல், கேனில் ஊற்றிக் குலுக்கிய பிறகு டேங்கில் ஊற்ற வேண்டும்.

ஆயில் கூடினால் புகை கக்கும், பிளக்கும் சைலன்சரும் கரி பிடிக்கும். குறைந்தால் எஞ்சினே போய்விடும். பழைய டிவிஎஸ் 50-க்கு ஊற்றிய நினைவில் எந்த டூடி (2T, டூ ஸ்ட்ரோக்) ஆயிலையும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கணக்காகச் சுற்றுவது. காற்றால் மட்டுமே குளிர்வது. டப்பாவில் ஜாஸோ எஃப்டி (JASO FD) என்று தரக்குறி போட்டதை வாங்குங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும்: ஃபைபர் படகின் வெளி எஞ்சினுக்கென்று விற்கும் டூ ஸ்ட்ரோக் ஆயில் தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கானது. புல்வெட்டிக்கு அது வேண்டாம்.

ஃபோர் ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் பெட்ரோலில் எதையும் கலக்கக் கூடாது. பதிலுக்கு, தினமும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் மட்டத்தைப் பார்க்க வேண்டும். இவற்றில் பிடிப்பதே கொஞ்சம்தான். நம் பக்கம் பலரிடம் இருக்கும் ஹோண்டா ஜிஎக்ஸ்35, 35.8 சிசி எஞ்சினில் மொத்த ஆயிலே 100 மில்லிதான். அதில் 30 மில்லி குறைந்தாலும் பெரிய குறைவு.

ஸ்டார்ட் ஆகிறது. ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் அமுங்கி நின்றுவிடுகிறது.

முதலில் டேங்க் மூடியை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு, மெஷினைச் சாய்க்காமல் ஓட்டிப் பாருங்கள். இப்போது ஓடினால் மூடியிலிருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஊசிமுனையளவு துளை அது. சுத்தம் செய்தால் சரி.

அடுத்து ஏர் ஃபில்டர். அறுவடை இயந்திரம் ஓடும் வயலுக்குப் பக்கத்தில் ஒரு நாள் வேலை செய்தாலே பதரும் வைக்கோல் தூசியும் அதில் அப்பிவிடும். ஸ்பாஞ்சாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் கசக்கி, நிழலில் நன்றாகக் காயவைத்து, இரண்டு சொட்டு ஆயில் தடவிப் பிழிந்து மாட்டுங்கள். காகித ஃபில்டர் என்றால் கழுவக் கூடாது. தட்டி ஊதலாம், மோசமாக இருந்தால் மாற்ற வேண்டும்.

மூன்றாவது சைலன்சர். டூ ஸ்ட்ரோக்கில் அதன் வாயில் ஒரு சின்னக் கம்பி வலை இருக்கும். அது கரி பிடித்து மூடிக்கொண்டால் எஞ்சினால் மூச்சு விட முடியாது. எஞ்சின் ஆறிய பிறகு வலையைக் கழற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் பழைய வேகம் வந்துவிடும்.

இந்த மூன்றையும் பார்க்காமல் கார்பரேட்டரில் இருக்கும் எச், எல் என்று போட்ட திருகுகளைத் திருகிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். பெட்ரோலைக் குறைக்கிற பக்கம் திரும்பிவிட்டால் எஞ்சின் வேகமாக ஓடுவது போலத் தோன்றும். டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் சேர்ந்தே குறைகிறது என்பது பிஸ்டன் பிடித்த பிறகுதான் தெரியும். மூன்றும் சரியாக இருந்தும் அமுங்கினால் டயஃப்ரம் விறைத்திருக்கும். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

அரை மணி நேரம் ஓடி, சூடானதும் நின்றுவிடுகிறது. ஆறினால் மறுபடி ஓடுகிறது.

சித்திரை வெயிலில் இது அதிகம். பிளாஸ்டிக் உறையைக் கழற்றி சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளைப் பாருங்கள். ஆயில் கசிவும் புல் தூளும் சேர்ந்து வறட்டி போல அப்பியிருக்கும். அதைச் சுரண்டி எடுங்கள். சுத்தமாக இருந்தும் நின்றால், நின்ற உடனேயே பொறியைச் சோதியுங்கள். சூட்டில் மட்டும் பொறி விடாத காயில் உண்டு. அப்படியானால் காயிலை மாற்றத்தான் வேண்டும்.

ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் பிளேடு சுற்றிக்கொண்டே இருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதைச் சரிசெய்யாமல் தோளில் மாட்டக் கூடாது. ஐட்லிங் வேகம் கூடியிருந்தால் அதற்குரிய திருகை இடப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் குறைக்கலாம். இந்த ஒரு திருகை மட்டும் நாமே தொடலாம். குறைத்தும் சுற்றினால் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது.

எஞ்சின் இரைகிறது, கயிறோ பிளேடோ மாட்டியிருக்கும் தலை சுற்றவில்லை.

எஞ்சினை நிறுத்தி, பிளக் கேப்பைக் கழற்றிவிட்டுத் தலையைக் கையால் சுற்றிப் பாருங்கள். சிக்கினால் அருகும் கோரையும் கியர் பெட்டிக்கும் தலைக்கும் நடுவில் கயிறு போலச் சுற்றியிருக்கும். பழைய கருக்கரிவாள் நுனியால் அறுத்து எடுக்கலாம். லேசாகச் சுற்றியும் எஞ்சினோடு இணையவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கும், அல்லது உள்ளே இருக்கும் தண்டு நழுவியிருக்கும்.

கியர் பெட்டியை நம்மில் பலர் கவனிப்பதே இல்லை. பக்கவாட்டு போல்ட்டைக் கழற்றிச் சுமார் 25 மணி நேர வேலைக்கு ஒருமுறை லித்தியம் கிரீஸ் விட வேண்டும். ரொம்பவும் திணிக்காதீர்கள், திணித்தாலும் சூடேறும்.

நைலான் கயிறு நிமிஷத்துக்கு ஒருமுறை அறுகிறது. இல்லாவிட்டால் உள்ளேயே ஒட்டிக்கொண்டு வெளியே வருவதில்லை.

கயிறு நாள்பட்டுக் காய்ந்தால் நொறுங்கும். வேலைக்கு முந்தின நாள் இரவு தண்ணீரில் ஊறப்போடுங்கள். நைலான் தண்ணீரை இழுத்து வளைந்துகொடுக்கும் தன்மையைப் பெறும். இதைச் செய்யத் தொடங்கியதிலிருந்து எனக்குக் கயிறு பாதிதான் செலவாகிறது.

சுற்றும்போது தலையில் போட்டிருக்கும் அம்புக்குறியின் திசையில், இரண்டு பக்கமும் சம நீளமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இறுக்கிச் சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றினால் உராய்ந்து சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும். 2.4 மி.மீ.-க்கு என்று செய்த தலையில் 3 மி.மீ. கயிற்றைத் திணிப்பதாலும் இது வரும். வெட்டும்போது கயிற்றின் நுனி மட்டும் புல்லில் பட வேண்டும். முழுக்கயிற்றையும் புதரில் நுழைத்தால் அறுந்துதான் போகும்.

நம் களிமண்ணுக்கென்று ஒரு தொல்லை உண்டு. தரையில் தட்டினால் கயிறு நீளும் வகைத் தலையை ஈர வரப்பில் தட்டினால், பொத்தானுக்குள் களிமண் புகுந்து காய்ந்துவிடும். அப்புறம் எவ்வளவு தட்டினாலும் வராது. வேலை முடிந்ததும் தலையைக் கழற்றிக் கழுவிவையுங்கள்.

அறுந்து விழும் கயிற்றுத் துண்டுகளைப் பொறுக்கிவிடுங்கள். வெட்டிய புல் மாட்டுக்குப் போகிறது என்றால், கயிறு பாய்ந்த இடத்துப் புல்லை உதறிப் பார்க்காமல் போட வேண்டாம். நைலான் மாட்டு வயிற்றில் செரிக்காது.

எதற்குக் கயிறு, எதற்குப் பிளேடு?

வரப்புப் புல்லுக்குக் கயிறு. கோரை, நாணல் தூர்களுக்கு மூன்று பல் பிளேடு. வாய்க்காலை அடைத்துநிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்குக்கு வட்டமான பல் பிளேடு. காட்டாமணக்கை வெட்டி ஈரத்திலேயே போட்டால் துண்டுக்குத் துண்டு வேர்விட்டு மறுபடி முளைக்கும். கரையேற்றிக் காயவைக்க வேண்டும்.

தென்னையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தோப்பு தோப்பாகத் தென்னை சாய்ந்தது. அதற்குப் பிறகு நட்டு வளர்த்த கன்றுகளின் அடித்தண்டில் மெஷின் கயிறு பட்ட தழும்புகளைப் பார்க்கும்போது மனசு ஆறவில்லை. தண்டில் காயம் பட்டால் அந்த வழியாகச் சாறு வடியும் நோய் நுழையும்; சிவப்புக் கூன்வண்டு காயத்தைத் தேடிவந்து முட்டையிடும். கன்றைச் சுற்றி இரண்டு அடிக்கு மெஷினே போகக் கூடாது. அந்த வட்டத்தைக் கையால்தான் கொத்த வேண்டும். வாழைக்கும் அப்படியே.

பிளேடு நட் கழல மாட்டேன் என்கிறது.

பெரும்பாலான மெஷின்களில் அது இடப்புற மரை. வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். கியர் பெட்டித் துளையில் பூட்டுக் கம்பியைச் செருகிவிட்டுத் திருப்புங்கள். மாட்டும்போது கிண்ண வாஷரை விட்டுவிட்டால் பிளேடு நடுங்கும், கை மரத்துப்போகும்.

வேலைக்கு ஆள் வைத்து ஓட்டுகிறேன். அவருக்கு என்ன சொல்ல வேண்டும்?

சொல்வதற்கு முன் வாங்கிக்கொடுங்கள்: கண்ணாடி, முழங்கால் வரை பூட்ஸ், காதடைப்பு. வரப்பு வளைகளில் கண்ணாடி விரியன் இருக்கும் ஊர் இது. வெறுங்காலோடு யாரையும் இறக்கக் கூடாது. காவலுக்கு இருக்கும் பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்லாதீர்கள். 15 மீட்டருக்குள் ஆளோ ஆடோ வரக் கூடாது. நடவுப் பெண்கள் பக்கத்து வயலில் இருந்தால் அவர்கள் பக்கம் கல் தெறிக்காத திசையில் வெட்ட வேண்டும். மோட்டார் கொட்டகையைச் சுற்றி முதலில் நடந்து, புல்லுக்குள் கிடக்கும் ஒயரையும் கம்பியையும் பார்த்துவிட வேண்டும். பிளேடை ஒரு கடிகாரம் என்று நினைத்தால் 12 முதல் 3 வரையுள்ள பகுதி மரத்தூரில் பட்டதும் மெஷின் எகிறும். இடப்பக்கத்தால் வெட்டச் சொல்லுங்கள். பெட்ரோல் தீர்ந்தால் சூடான எஞ்சின் மேலேயே ஊற்றாமல் பத்து நிமிடம் ஆறவிட வேண்டும். அந்தப் பத்து நிமிடம் அவருடைய கைக்கும் ஓய்வு.

மழைக்காலத்துக்கு எப்படி எடுத்துவைப்பது?

டேங்கைக் காலி செய்து, குமிழை அமுக்கி மிச்சத்தையும் வெளியேற்றி, எஞ்சினைத் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். ஆறியதும் பிளக்கைக் கழற்றி, துளையில் நான்கைந்து சொட்டு ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு முறை இழுத்துப் பிளக்கை மாட்டுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கில் அதற்குரிய எஞ்சின் ஆயிலையே விடலாம். பிளேடில் கிரீஸ் தடவிச் சாக்கில் சுற்றுங்கள். தரையில் போடாமல் சுவரில் உயரமாகத் தொங்கவிடுங்கள். சம்பா கதிர் முற்றும் காலத்தில் வீட்டுக்குள் வரும் எலி பெட்ரோல் டியூபைக் கடித்துவிடும். எனக்கே இரண்டு வருடம் தொடர்ந்து அப்படி ஆனது. இப்போது எஞ்சின் பக்கத்தைப் பழைய எண்ணெய் டின்னுக்குள் கவிழ்த்துத் தொங்கவிடுகிறேன்.